லோகேஸ்வரியின் இடது முன்சக்கரம்

"கழலுடா சனியனே. யாருக்காக இந்தப் பிடிவாதம்?"

லோகேஸ்வரி திட்டுவது ஒரு நட்டை. இடது முன்சக்கரத்தின் நடுவில் குழிப்பணியாரம் அளவுக்கு இருக்கும் அந்த நட்டில் ஸ்பேனரை மாட்டி, அதன் பிடியில் ஒரு தண்ணீர்க் குழாயைச் செருகி, குழாயின் மறுமுனையில் ஏறி நிற்கிறார். நைட்டிக்கு மேல் கணவரின் பழைய நீலச் சட்டை. தலைமுடியில் கிரீஸ் படாமலிருக்கக் குளியலறைப் பிளாஸ்டிக் தொப்பி. நான் காருக்குள் உட்கார்ந்து பிரேக்கை மிதித்துக்கொண்டிருக்கிறேன். சக்கரம் தரையில் இருக்கும்போதே இந்த நட்டைத் தளர்த்தியாக வேண்டும். காரைத் தூக்கிவிட்டு முயன்றால் நட்டோடு சேர்ந்து சக்கரமும் சுற்றும். எதிர்வீட்டுக்காரன் என்ற முறையில் எனக்குக் கிடைத்திருக்கும் பதவி இது. "நல்லா மிதி தம்பி. காலையில சாப்பிடல?" என்று எனக்கும் ஒன்று விழுகிறது. நட்டு பெரிதாக ஒரு சத்தம் போட்டு அசைந்து கொடுக்கிறது. "எங்கிட்ட நடக்காதுன்னு இப்ப தெரியுதா?" என்று அதனிடம் கேட்டுவிட்டுக் கீழே இறங்குகிறார்.

மலேசியாவின் கிள்ளானில், தாமான் என்று நாங்கள் சொல்லும் எங்கள் குடியிருப்பில் எல்லா வீட்டு முகப்பிலும் கார் நிற்கிறது. அவர் வீட்டில் நிற்பது மட்டும் மற்ற கார்களின் குட்டி மாதிரி இருக்கும். நாற்பது வருடத்துக்கு மேல் வயதான இங்கிலாந்துக் கார், மினி. உயரம் என் மார்பு வரைதான். பச்சைப் பெயின்ட்டை லோகேஸ்வரியே பூசியிருக்கிறார், கிட்டே போனால் தூரிகையின் கோடு தெரியும். கிட்டே போய் அதைப் பார்த்துச் சொன்னவர்கள் என்ன வாங்கிக் கட்டிக்கொண்டார்கள் என்பதை இங்கே எழுத முடியாது.

வயது ஐம்பத்தெட்டு. தொழில், ரவிக்கை தைப்பது. வாடிக்கையாளர்கள் வீட்டுக்கே போய் அளவெடுப்பார். தைத்ததைக் கொண்டுபோய்க் கொடுத்து, போட்டுப் பார்க்கச் சொல்லி, சரியில்லை என்றால் அங்கேயே உட்கார்ந்து பிரித்துத் தைப்பார். கோலாலம்பூர்ப் பக்கம் பங்சாரிலும் சுபாங் ஜெயாவிலும் அவருக்கு நிரந்தர வாடிக்கை வீடுகள் உண்டு. பிரிக்ஃபீல்ட்ஸில் இரண்டு சேலைக்கடைகள் கல்யாண வேலைகளை அவரிடம்தான் அனுப்புகின்றன. காரின் பின்பக்கம் குறுக்கே ஒரு கம்பி பொருத்தி, அதில் ரவிக்கைகளை மாட்டிக்கொண்டு போவார். பட்டைத் தொடும் கையும் கிரீஸைத் தொடும் கையும் ஒன்றுதான் என்பதால் கையுறை இரண்டு ஜோடி. வேலை முடிந்ததும் பாத்திரம் கழுவும் சோப்பில் சீனியைக் கொட்டி முழங்கை வரை தேய்த்துக் கழுவுவார். "ஒரு ரவிக்கையில ஒரு புள்ளி பட்டிருக்கான்னு யாரையாவது கேட்டுப் பாரு" என்பார். அப்படிக் கேட்டால், நம்பிக்கை இல்லாமல் கேட்டதற்காகத் திட்டுவார்.

மூக்கின்மேல் கோபம் என்று பொதுவாகச் சொல்வார்கள். இவருக்கு உடம்பு முழுக்க. சிக்னலில் கண்ணாடியை இறக்கி "ஆன்டி, விக்கறீங்களா?" என்று கேட்பவர்கள்மீது கோபம். பார்க்கிங்கில் அனுமதி கேட்காமல் காரில் சாய்ந்து படம் எடுத்துக்கொள்ளும் ஜோடிகள்மீது கோபம். ரவிக்கைக்கு அளவு கொடுக்கும்போது மூச்சை உள்ளே இழுத்துக்கொள்ளும் பெண்கள்மீது தனிக் கோபம். "மூச்ச விடுங்க லா. கல்யாணத்தன்னைக்கு மூச்சு விடாமலா உக்காந்திருக்கப் போறீங்க?" என்று கேட்டுவிடுவார். யாரும் அவரை விட்டுப் போவதில்லை. தையல் அப்படி.

எல்லாக் கோபத்திலும் பெரியது ஃபோர்மேன்கள்மீது. இங்கே கார் பழுதுபார்க்கும் தலைமை மெக்கானிக்கை அப்படித்தான் சொல்வோம். சில வருடங்களுக்கு முன் வலது பக்க டிரைவ் ஷாஃப்ட் போனபோது ஒரு வொர்க்‌ஷாப்பில் காரை விட்டிருக்கிறார். ஃபோர்மேன் முதலில் கேட்டது, "அங்கிள் வரலியா?" பிறகு லோகேஸ்வரியின் மகன் ரிஷிக்குப் போன் போட்டு, என்ன பழுது, என்ன செய்ய வேண்டும் என்று விலாவாரியாக விளக்கியிருக்கிறார். "நான் பக்கத்துலயே நிக்கறேன் தம்பி. என் வண்டி. என் காசு. அந்தாளு எங்கேயோ ஆபீஸ்ல இருக்கற என் மகன்கிட்ட பாடம் நடத்தறாரு. நான் என்ன, வண்டியோட வந்த குடையா?" புது ஜாயிண்ட் போட்டாச்சு என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார்கள். ஒரு மாதத்தில் மறுபடி சத்தம். இரவல் வாங்கிய ஜாக்கி வைத்து, கைப்பேசியில் ஒரு வெள்ளைக்காரர் செய்து காட்டிய வீடியோவைப் பார்த்துப் பார்த்து, இவரே கழற்றினார். உள்ளே இருந்தது அதே பழைய ஜாயிண்ட், புது கிரீஸ் பூசிக்கொண்டு. அன்றோடு எந்த வொர்க்‌ஷாப் வாசலையும் அவர் மிதிக்கவில்லை. அந்த ஃபோர்மேனை நினைத்தால் எனக்கே இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது, நான் ஸ்பேனர் பிடிக்கக்கூடத் தெரியாதவன்.

இந்த ஜாயிண்ட் விவகாரத்தைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மினியில் என்ஜின் முன்சக்கரங்களைத்தான் சுற்றுகிறது. அந்தச் சுற்றலைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் தண்டுதான் டிரைவ் ஷாஃப்ட். சக்கரமோ சுற்றிக்கொண்டே இடம் வலம் திரும்ப வேண்டும். அதற்காகத் தண்டின் முனையில் நம் தோள்மூட்டைப் போல ஒரு மூட்டு. உள்ளே எஃகு உருண்டைகள், கறுப்பு கிரீஸ், எல்லாவற்றையும் மூடி ஒரு ரப்பர் உறை. உறை கிழிந்தால் கிரீஸ் தெறித்துப் போகும், மண்ணும் மழைநீரும் உள்ளே போகும், எஃகை எஃகு தின்னும். திருப்பத்தில் கடக் கடக் என்று சத்தம் வரும். அப்போதும் கவனிக்காவிட்டால் ஒருநாள் நடுச்சாலையில் என்ஜின் உறுமும், சக்கரம் சுற்றாது.

லோகேஸ்வரி கவனிக்காதவர் இல்லை. ஆனாலும் இடது பக்கம் மட்டும் அவரை மறுபடி மறுபடி ஏமாற்றியது. முதல் தடவை பிரிக்ஃபீல்ட்ஸில், சேலைக்கடை வாசலிலேயே நின்றது. இரண்டாவது தடவை கூட்டரசு நெடுஞ்சாலையில், கொட்டும் மழையில், பின்கம்பியில் ஒரு மணப்பெண்ணின் ரவிக்கை தொங்கிக்கொண்டிருக்கும்போது. ரிஷி ஓடிவந்து அம்மாவை ஏற்றிக்கொண்டு போய் அந்தக் கல்யாண வீட்டில் இறக்கினார். அன்று மாலை சாப்பாட்டு மேசையில் மகனுக்கும் அம்மாவுக்கும் பெரிய சண்டை. பயந்துபோயிருந்த ரிஷி வாய்க்கு வந்தபடி கத்த, இவரும் சூட்டோடு சூடாக ஒரு வார்த்தையை விட்டுவிட்டார். "இன்னொரு தடவ நடுரோட்டுல நின்னுச்சுன்னா சாவிய உன் கையில குடுத்துடறேன். போதுமா?"

போன வியாழக்கிழமை பங்சார் மேட்டில் நின்றுவிட்டது.

இன்று சனிக்கிழமை. மதியம் ரிஷி சாவியை வாங்கிக்கொண்டு போக வருகிறார். டெங்கிலில் பழைய கார்களைச் சேர்த்துவைக்கும் ஒருவரிடம் விற்பதாகப் பேசி முடித்துவிட்டார். அம்மா இனி அலைய வேண்டாம், வீட்டிலேயே இருந்து தைக்கட்டும், வேண்டும் என்பவர்கள் தேடி வரட்டும் என்பது அவருடைய திட்டம். "ராணி மாதிரி வச்சுக்கறேன்னு சொல்றான். ராணிய எங்க வைப்பாங்க? சீட்டுக்கட்டுலயா?" என்கிறார் லோகேஸ்வரி, சக்கரத்தின் திருகுகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே. தேடி வருபவர்கள் யாரும் வரமாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும். கார் போனால் பங்சார் போகும், சுபாங் போகும், பிரிக்ஃபீல்ட்ஸ் கடைகள் அவசரத்துக்கு வேறு ஆளைப் பிடித்துக்கொள்ளும். அதைவிட, நினைத்த நேரத்தில் கதவைத் திறந்து வெளியே போகிற ஒரு மனுஷியாக அவர் இருக்கமாட்டார்.

"அப்புறம் எதுக்குக்கா இதக் கழட்டிக்கிட்டு இருக்கீங்க?" என்று கேட்டேன்.

"குடுக்கறேன்னு சொன்னேன், குடுக்கறேன். நொண்டி வண்டியக் குடுக்கறேன்னு சொன்னேனா?"

எனக்கு அவர்மீதே கோபம் வந்தது. சண்டையில் விட்ட வார்த்தைக்கெல்லாம் இப்படிக் கட்டுப்பட்டால் நாட்டில் ஒருவரும் குடும்பம் நடத்த முடியாது. அதைச் சொன்னேன். "நான் சொன்ன தேதிக்கு ரவிக்கை குடுக்காம இருந்திருக்கேனா?" என்று கேட்டார். அவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

காரைத் தூக்கி, அடியில் இரும்பு முக்காலி வைத்து, சக்கரத்தைக் கழற்றி ஓரமாகச் சாய்த்தார். சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கைகளில் மேலே இருப்பதற்கு அடியில் ஒரு மரக்கட்டையை முட்டுக் கொடுத்தார். பிரேக் பாகத்தை அவிழ்த்து, அதன் குழாய் இழுபடாமல் ஒரு பழைய சேலைத் துண்டால் கட்டித் தொங்கவிட்டார். ஒவ்வொன்றுக்கும் ஒரு வசவு உண்டு. சும்மா வருவதற்கு "பரவால்ல, நீ நல்லவன்." வர மறுப்பதற்குச் சாதி சனத்தையெல்லாம் இழுப்பார். சக்கரம் பொருந்தும் பாகத்தை வெளியே சாய்த்து, தண்டை மெதுவாக, மிக மெதுவாக உருவினார். வெடுக்கென்று இழுத்தால் உள்பக்க மூட்டும் கழன்று உருண்டைகள் கொட்டிவிடும். அந்த நேரத்தில் மட்டும் அவர் யாரையும் திட்டுவதில்லை, மூச்சைக்கூட அடக்கிக்கொள்கிறார்.

ரப்பர் உறை கிழிந்திருந்தது. அது எதிர்பார்த்ததுதான். இந்த உறைக்காக அவர் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரரிடம் ஏற்கெனவே இரண்டு தடவை சண்டை போட்டிருக்கிறார். "ரப்பரா இது, அப்பளமா?" என்று நடுக்கடையில் நாலு பேர் முன்னால் கேட்டதாக அவரே சொல்லியிருக்கிறார். இந்த முறையும் கேட்கப் போகிற மாதிரிதான் உறையை வெளிச்சத்தில் திருப்பினார். பிறகு அப்படியே நிறுத்தினார். ரப்பர் இற்றுப்போய்க் கிழிந்திருக்கவில்லை. சுற்றிலும் ஒரே கோடாக, ரவிக்கைத் துணியைக் கத்தரித்த மாதிரி வெட்டுப்பட்டிருந்தது.

கையுறையைக் கழற்றிவிட்டு வெறும் விரலை உள்ளே விட்டுத் துழாவினார். கிரீஸும் மண்ணும் குழைந்த சேற்றுக்குள்ளிருந்து ஒரு மெல்லிய கம்பி வந்தது. இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது, தண்டைப் பல சுற்றுச் சுற்றியிருந்தது. கடைசியில் கறுத்துச் சுருங்கிய ஒரு எலுமிச்சம்பழமும் அதன் மேலே மிளகாய்க் காம்புகளும் வந்தன.

எனக்குப் புரிவதற்கு ஒரு நிமிடம் ஆனது. அவருக்கு ஆகவில்லை.

"என்னங்க, இங்க வாங்க."

அவருடைய கணவர் பரமேஸ்வரன் வாசலுக்கு உள்ளே நாற்காலியில் உட்கார்ந்து வானொலி கேட்டுக்கொண்டிருந்தார். போர்ட் கிள்ளானில் கொள்கலன் லோரி ஓட்டியவர். பக்கவாதம் வந்து மூன்று வருடமாகிறது, வலது கை சரியாக வராது, வலது காலை இழுத்து நடப்பார். வானொலியை நிறுத்திவிட்டு எழுந்து, நிலையைப் பிடித்துக்கொண்டு வாசல்படியில் வந்து நின்றார். லோகேஸ்வரி கம்பியைத் தூக்கிக் காட்டினார்.

"இது என்ன?"

"திருஷ்டிக்கு" என்றார் பரமேஸ்வரன்.

"யாரு கட்டினா?"

"நான்தான். அமாவாசைக்கு அமாவாசை கட்டுவேன்."

"முன்னாடி பம்பர்ல கட்டறதுதானே ஊர்ல வழக்கம். உள்ளார எதுக்குக் கட்டினீங்க?"

"பம்பர்ல கட்டினா நீ பிச்சுப் போட்டுருவ லோகா."

உண்மைதான். ஒரு தடவை கட்டியதை இவர் அறுத்துச் சாக்கடையில் போட்டதை நானே பார்த்திருக்கிறேன். "வண்டிய எவன் கண்ணு வைக்கப் போறான், அது என்ன கல்யாணப் பொண்ணா?" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். அதற்குப் பிறகுதான் பரமேஸ்வரன் இடம் மாற்றியிருக்கிறார். கடைத்தெருவில் தே, அதாவது தேநீர், குடிக்க நடந்துபோகும்போது பூக்கடையில் எலுமிச்சையும் மிளகாயும் கோத்த கம்பியை வாங்கிச் சட்டைப்பையில் மறைத்துக்கொண்டு வருவார். மனைவி குளிக்கும் நேரத்தில் முக்காலியில் உட்கார்ந்து, திரும்பி நிற்கும் சக்கரத்துக்குப் பின்னால் இடது கையை விட்டு, கண்ணில் படாத இடமாகப் பார்த்துக் கட்டிவிடுவார். ஒரு கையால் போடுகிற முடிச்சு எவ்வளவு இறுகும்? லோகேஸ்வரி காருக்கு அடியில் போகப் போகிறார் என்று தெரிந்தால் முன்கூட்டியே அவிழ்க்கப் போவாராம். சில தடவை அங்கே ஒன்றும் இருக்காதாம். தானாக விழுந்துவிட்டது, திருஷ்டி கழிந்துவிட்டது என்று நிம்மதியாகத் திரும்பிவிடுவாராம். ரப்பரை அறுத்துவிட்டுத்தான் அது விழுந்திருக்கிறது என்று அப்போது யாருக்கும் தெரியாது. இந்த முறை இன்று காலைதான் இழுவை லோரி காரைக் கொண்டுவந்து இறக்கியது, இறங்கியதுமே லோகேஸ்வரி ஸ்பேனரை எடுத்துவிட்டதால் அவிழ்க்க நேரமில்லை.

இதையெல்லாம் அவர் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லி முடிக்கும்வரை லோகேஸ்வரி பொறுத்திருந்தார். அதுவே அதிகம்.

"கடைக்காரன கடையில நிக்க வச்சு மானத்த வாங்கினேன். ரெண்டு தடவ. அவனும் பாவம், வேற ரப்பர் எடுத்துக் குடுத்தான். மழையில ஹைவே ஓரத்துல நின்னேன். ஒரு பொண்ணோட கல்யாண ரவிக்கைய நெஞ்சோட அணைச்சுக்கிட்டு நின்னேன். பின்னால வர்ற லோரி எப்ப அடிக்குமோன்னு நின்னேன். எல்லாம் இந்தக் கம்பியால."

"சத்தியமா எனக்குத் தெரியாது."

"எதுக்குக் கட்டினீங்க? அத சொல்லுங்க முதல்ல."

"பயமா இருந்துச்சு."

"என்ன பயம்?"

பரமேஸ்வரன் இடது கையால் வலது கையைப் பிடித்துக்கொண்டார். "நான் லோரி ஓட்டினவன். மேல உக்காந்துக்கிட்டுப் பாத்தா பக்கத்துல இந்த மாதிரி வண்டி வர்றது தெரியவே தெரியாது லோகா. எத்தன தடவ கடைசி நிமிசத்துல பாத்து ஒடிச்சிருக்கேன். நீ தினமும் அந்த ரோட்டுல, அந்த லோரிங்க நடுவுல போற. நான் இங்க உக்காந்திருக்கேன்."

இதைக் கேட்டு என் கோபம் பாதி வடிந்துவிட்டது. லோகேஸ்வரிக்கு வடியவில்லை.

"பயம்னா எங்கிட்ட சொல்லணும். எலுமிச்சம்பழத்துக்கிட்ட எதுக்கு சொன்னீங்க?" என்றார். குரல் உயரவில்லை, அதனால்தான் கேட்கக் கஷ்டமாக இருந்தது. "மூணு வருசமா இந்த வண்டியில நீங்க ஏறல. ஆஸ்பத்திரிக்குக்கூட மகன் வண்டிதான். கேட்டா குனிய முடியல, கால் மடங்கலன்னு சொன்னீங்க. நானும் நம்பினேன். குனிய முடியாதவருதான் சக்கரத்துக்குள்ள கைய விட்டுக் கம்பி கட்டியிருக்கீங்க. பழத்த நம்பினீங்க, மிளகாய நம்பினீங்க. என் கைய நம்பல."

பரமேஸ்வரன் உள்ளே போகத் திரும்பினார். பிறகு நின்றார்.

"ரிஷிக்கிட்ட சொல்லிடாத" என்றார். "ஏற்கெனவே என்ன சின்னப் புள்ள மாதிரிதான் நடத்தறான்."

லோகேஸ்வரி என்ற எரிமலை இப்போது வெடிக்கும் என்று நான் நினைத்தேன். அவர் தரையில் விரித்திருந்த அட்டையில் உட்கார்ந்து பழைய ஜாயிண்ட்டைத் தட்டிக் கழற்றத் தொடங்கினார். சுத்தியல் சத்தம் மட்டும். ஒரு வசவு இல்லை. புது ஜாயிண்ட்டில் கறுப்பு கிரீஸை விரலால் இண்டு இடுக்கெல்லாம் அடைத்தார். புது உறையைப் போட்டு, பட்டையை இறுக்கி, விளிம்பைச் சுற்றிலும் தடவிப் பார்த்தார், ரவிக்கைக் கழுத்தின் மடிப்பைச் சரிபார்ப்பதுபோல. தண்டை உள்ளே செலுத்தினார். நான் கேட்காமலேயே பிரேக்கை மிதித்தேன், அவர் சொல்லாமலேயே நட்டை முடுக்கினார். அந்த வீட்டு முகப்பில் அத்தனை அமைதியை நான் அதற்கு முன் கண்டதில்லை. எனக்குத்தான் பொறுக்கவில்லை. தப்பு செய்தவர் உள்ளே உட்கார்ந்திருக்கிறார், தண்டனை இவருக்கா? வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் சாவி இவரிடமே இருக்கும்.

ரிஷி வந்தபோது கார் நாலு சக்கரத்திலும் நின்றது. நல்ல பிள்ளைதான், எல்லாருக்கும் பைகளில் தே ஐஸ் கட்டிக்கொண்டு வந்திருந்தார், எனக்கும் சேர்த்து. "அப்பா, மருந்து சாப்பிட்டாச்சா? நிஜமா? மாத்திரைப் பெட்டியக் காட்டுங்க பாப்போம்" என்று வாசலில் நின்றபடி உரக்கக் கேட்டார், காது கேட்காதவரிடம் பேசுவதைப்போல. பரமேஸ்வரனுக்குக் காது நன்றாகவே கேட்கும். பெட்டியை எடுத்துவந்து காட்டினார்.

"ரெடியாம்மா? டெங்கில்ல வெயிட் பண்றாரு."

லோகேஸ்வரி சீனியும் சோப்பும் போட்டுக் கைகளைத் தேய்த்துக் கழுவினார். துடைத்துக்கொண்டு வந்து, சாவிக்கொத்திலிருந்து வீட்டுச் சாவியைத் தனியே கழற்றினார். கார்ச் சாவியைக் காரின் கூரைமேல் வைத்தார். கம்பியும் எலுமிச்சையும் அட்டையின் மேல் அப்படியே கிடந்தன. நான் அதைப் பார்த்தேன், பிறகு ரிஷியைப் பார்த்தேன், வாயைத் திறந்தேன். லோகேஸ்வரி என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வைக்கு முன்னால் நான் மட்டுமல்ல, அந்த ஃபோர்மேனும் வாயை மூடியிருப்பான்.

ரிஷி கையை நீட்டிச் சாவியை எடுத்தார்.

"வச்சிடு" என்றது படியிலிருந்து ஒரு குரல். பரமேஸ்வரன் நாற்காலியை விட்டு எழுந்து வந்திருந்தார். "வண்டி நின்னது உங்கம்மாவால இல்ல. என்னால." இடது கையால் அட்டையைச் சுட்டிக் காட்டினார். "அத நான்தான் கட்டினேன். அதுதான் ரப்பர அறுத்திருக்கு. மூணு தடவையும்."

ரிஷி குனிந்து பார்த்தார். முதலில் சிரித்தார். பிறகு முகம் மாறியது. "அப்பா, உங்களுக்கு அறிவிருக்கா? ஹைவேல அம்மாவுக்கு ஏதாவது ஆகியிருந்தா? ஒரு எடத்துல சும்மா உக்காந்திருக்க முடியாதா உங்களால? இனிமே இந்தக் கடைத்தெரு, பூக்கடை எல்லாம் போக வேணாம். நான் சொல்றேன், வீட்டுலயே இருங்க."

"டேய்."

தெருவில் இரண்டு வீடு தள்ளி ஒரு நாய் எழுந்து நின்றது. அவ்வளவு நேரம் அடக்கிவைத்திருந்த எல்லாம் அந்த ஒரு வார்த்தையில் வந்துவிட்டது.

"யாரப் பாத்து அறிவிருக்கான்னு கேக்கற? கொள்கலன் லோரிய ஒரு கீறல் இல்லாம ஓட்டின கை அது. அந்தக் கையில சாப்பிட்டு வளந்தவன் நீ. அவரு எங்க போகணும், எங்க உக்காரணும்னு நீ சொல்லாத. அவரத் திட்டறதுக்கு நான் இருக்கேன். கல்யாணமான நாள்லேருந்து திட்டறேன், இன்னும் மிச்சம் இருக்கு, இன்னைக்கு மட்டுமே நெறைய இருக்கு. நீ நடுவுல வராத."

ரிஷி தடுமாறிப்போனார். "சரிம்மா, ஆனா நீங்கதானே சொன்னீங்க, வண்டி நின்னா..."

"கால்ல கம்பியக் கட்டிவிட்டா நீகூடத்தான் விழுவ. அதுக்காக உன்ன டெங்கிலுக்கு வித்துடவா?"

"டெங்கில்ல காத்திருக்கறவருக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"வண்டி ஓடுதுன்னு சொல்லு."

மகன் கையிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு காரில் ஏறினார். என்ஜின் முதல் தடவையிலேயே பிடித்துக்கொண்டது. புது ஜாயிண்ட் போட்டால் ஸ்டீயரிங்கைக் கடைசி வரை ஒடித்து, ஒரு வட்டம் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் அவர் வேலை முடிந்ததாக ஒப்புக்கொள்வார். தெருமுனையில் பள்ளிவாசலுக்கு முன்னால் அதற்கு ஏற்ற திடல் ஒன்று இருக்கிறது. கேட்டைத் திறக்க நான் போனேன். ஆனால் கார் நகரவில்லை. திரும்பிப் பார்த்தால், என்ஜினை ஓடவிட்டு அவர் மறுபடி இறங்கியிருந்தார்.

படியில் பரமேஸ்வரன் நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தார். ரிஷி கையில் தே ஐஸ் பொட்டலங்களோடு யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் நின்றார்.  லோகேஸ்வரியின் முகத்தில் அதே கோபம், ஒரு துளி குறையவில்லை. காரைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போனார். இடது பக்கக் கதவைப் படாரென்று திறந்தார். இருக்கையில் கிடந்த துணிப்பொதியைத் தூக்கிப் பின்னால் எறிந்தார். இருக்கையைப் பின்னுக்கு, கால் நீட்டும் அளவுக்கு, இரண்டு கையாலும் தள்ளினார். பிறகு கதவைப் பிடித்துக்கொண்டு, கணவரைப் பார்க்காமல், தெருவைப் பார்த்தபடி நின்றார்.